தாயை வேட்டையாடி, குட்டியை வளர்க்கிறவர்கள்

அமேசான் காட்டின் கிழக்கு எல்லையில், பிரேசில் நாட்டின் மரன்யாவ் மாநிலத்தில், அவா என்னும் சிறு பழங்குடியினர் வாழ்கிறார்கள். மொத்தமே சில நூறு பேர்தான். குரங்கு இறைச்சி அவர்களுக்கு மிகவும் பிடித்தமான உணவு. அதிலும் ஊளைக் குரங்குக்குத் தனி மதிப்பு. அதே அவா குடியிருப்பில் பெண்களின் தலைமுடியைப் பற்றிக்கொண்டு குரங்குக் குட்டிகள் உட்கார்ந்திருப்பதையும் காணலாம். சில குட்டிகள் அந்தப் பெண்களிடமே தாய்ப்பால் குடிக்கும். வேட்டையில் வீழ்ந்த குரங்கு அடுப்பில் வேகும். அதன் குட்டி சற்றுத் தள்ளி ஒருத்தியின் மடியில் வளரும்.

இந்தக் காட்சியை முதன்முதலாகப் படத்தில் பார்க்கிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வது வழக்கம். தாயைத் தின்றுவிட்டுக் குட்டியைக் கொஞ்சுகிறார்களே, என்ன கொடுமை என்பது ஒன்று. இயற்கையோடு எவ்வளவு இசைந்து வாழ்கிறார்கள் என்று உருகுவது மற்றொன்று. இரண்டுமே அந்த மக்களைப் புரிந்துகொள்ள உதவாது. வேட்டையாடி உண்பதும் குட்டியை வளர்ப்பதும் அவர்களுக்கு ஒரே வாழ்க்கையின் இரண்டு பகுதிகள். ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறக்கிறது. எப்படி என்பதை, மானிடவியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

குட்டி வீட்டுக்கு வருவது எப்படி?

குரங்குக் குட்டி பிறந்தது முதல் தாயின் வயிற்றையோ முதுகையோ இறுகப் பற்றிக்கொண்டே வாழும். உயரமான மரத்திலிருந்து தாய் அடிபட்டு விழும்போது குட்டியும் சேர்ந்து விழுகிறது. பல குட்டிகள் அங்கேயே இறந்துவிடும். தாயின் உடல் அடியைத் தாங்கிக்கொண்டால் குட்டி பிழைக்கும். அப்படிப் பிழைத்த குட்டியைத்தான் வேடர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பெக்கரி என்ற அமெரிக்கக் காட்டுப்பன்றியின் கூட்டத்தை வேட்டையாடும்போதும் குட்டிகள் தாயில்லாமல் நின்றுவிடுவதுண்டு. நீண்ட மூக்குள்ள டாபிர், ரக்கூன் குடும்பத்துக் கொவாட்டி, கொறிக்கும் விலங்குகளான அகூட்டி, கேப்பிபாரா என்று அமேசான் குடியிருப்புகளில் வளரும் விலங்குகளின் பட்டியல் நீளமானது. அவற்றுள் பாலூட்டிகள் பெரும்பாலும் இப்படி வேட்டையில் அனாதையானவைதாம்.

பறவைகளின் கதை கொஞ்சம் வேறு. மக்காவ் கிளிகள் மரப்பொந்துகளில் கூடு வைக்கும். குஞ்சுகள் இறகு இல்லாமல், கண் திறவாமல் பிறக்கும். அவற்றைக் கூட்டிலிருந்து எடுத்துவந்து, வாழைப்பழத்தையோ மரவள்ளிக்கிழங்கையோ மென்று, வாயிலிருந்து வாய்க்கு ஊட்டி வளர்ப்பார்கள். தாய்க்கிளி செய்வதும் ஏறக்குறைய அதேதான்.

இவ்வளவு சிறிய வயதில் எடுத்துவருவதில் ஒரு காரணம் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் வாழ்வின் தொடக்கத்தில் ஒரு குறுகிய காலம் உண்டு. யார் தன் இனம், யாரை நம்பலாம் என்பது அப்போதுதான் பதிகிறது. ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1930களில் வாத்துக் குஞ்சுகளை வைத்து இதை விளக்கினார். முட்டையிலிருந்து வெளிவந்ததும் அவரைப் பார்த்த குஞ்சுகள் அவரையே தாயாக எண்ணிப் பின்தொடர்ந்தன. பாலூட்டிகளிடம் இது அவ்வளவு வேகமாகவும் திட்டவட்டமாகவும் நடப்பதில்லை. ஆனால் அந்தத் தொடக்கப் பருவம் அவற்றுக்கும் முக்கியம். வேடர்களுக்கு இது ஏட்டுப் பாடம் அன்று. வளர்ந்த குரங்கைப் பிடித்துப் பழக்க முயல்வதில் பயனில்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவர்கள் அவர்கள்.

குட்டியைக் கொண்டுவருவதோடு வேடரின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதை அவர் மனைவியிடமோ, தாயிடமோ, பிள்ளைகளிடமோ கொடுத்துவிடுகிறார். அதன்பின் அது அவர்களுடையது. கொல்லும் கை ஆணுடையது, ஊட்டும் கை பெண்ணுடையது என்ற இந்தப் பிரிவு அமேசானின் பல சமூகங்களில் காணப்படுகிறது. எனக்கு இதுதான் முழு விஷயத்துக்கும் திறவுகோலாகத் தெரிகிறது.

ஊட்டியபின் அது இரையில்லை

1990களில் அவா மக்களிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் லொரெட்டா கோர்மியர், அங்கே குரங்குகள் உறவுமுறைக்குள் சேர்க்கப்படுவதை விரிவாகப் பதிவுசெய்தார். குட்டியை வளர்க்கும் பெண் அதற்குத் தாய். அவளுடைய பிள்ளைகள் அதன் உடன்பிறப்புகள். தோளிலும் தலையிலும் குரங்குகளோடு நடக்கும் பெண்ணை, வளமும் தாய்மையும் நிறைந்தவளாக மற்றவர்கள் மதிக்கிறார்கள். இப்படி வளர்க்கப்படும் குரங்கை அவா மக்கள் உண்பதில்லை. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு குரங்கை மறுநாள் காட்டில் வேட்டையாடி உண்பதில் அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நாம் எல்லைக்கோட்டை இனத்தை வைத்துப் போட்டுப் பழகியவர்கள். நாய் என்றால் எந்த நாயும் உணவில்லை. ஆடு என்றால் பெரும்பாலும் உணவு. அவா மக்களின் கோடு இனங்களுக்கு இடையே ஓடவில்லை. ஒரே இனத்துக்கு உள்ளேயே ஓடுகிறது. யாருடைய கை யாருக்கு ஊட்டியது என்பதே கேள்வி. காட்டில் திரியும் குரங்கு இரை. என் மனைவி ஊட்டிய குரங்கு என் வீட்டுப் பிள்ளை.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான உணர்வு என்றும் சொல்ல முடியாது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவைத் தன் கையால் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த சிறுமி, வெட்டிய அன்று சோற்றில் கைவைக்க மறுத்து அழுவதை நம் கிராமங்களில் பார்த்திருப்போம். பக்கத்து வீட்டுக் கிடா என்றால் அவள் அழப்போவதில்லை. அந்தச் சிறுமியின் மனதில் அன்றைக்கு எழுவதை, ஒரு சமூகம் முழுவதும் மாறாத நெறியாக ஏற்றுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அவா மக்களின் அருகில் வந்துவிடலாம்.

இந்த நெறி இன்று நேற்று தோன்றியதில்லை. 1492 அக்டோபரில் கொலம்பஸ் கரீபியத் தீவில் இறங்கியபோது, அங்கிருந்த தாயினோ மக்கள் நீந்திவந்து கப்பல்காரர்களிடம் கொடுத்த பொருள்களில் கிளிகளும் இருந்தன. அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1557இல், இன்றைய ரியோ டி ஜெனிரோ அருகே வந்திறங்கிய பிரெஞ்சுக்காரர் ஜான் டி லேரி, அங்கு வாழ்ந்த துப்பினம்பா மக்களைப் பற்றி இரண்டு அருமையான செய்திகளை எழுதிவைத்திருக்கிறார்.

ஒன்று, ஒரு பெண்ணின் கிளி. பேசும், சொன்னபடி ஆடும். அதைத் தங்களுக்குத் தருமாறு பிரெஞ்சுக்காரர்கள் கேட்டார்கள். அவள் விலையாகக் கேட்டது ஒரு பெரிய பீரங்கியை! கொடுக்க மனமில்லை என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. இன்னொன்று, கோழிகள். போர்த்துகீசியர் மூலம் துப்பினம்பா மக்களுக்குக் கோழி கிடைத்திருந்தது. அவர்கள் வளர்த்தார்கள், இறகுகளைச் சாயம் தோய்த்து அணிந்தார்கள், ஆனால் உண்ணவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் முட்டை தின்பதைப் பார்த்து வியந்தார்கள். அது குஞ்சாகும்வரை பொறுக்க மாட்டாமல் ஒரு முழுக் கோழியையே விழுங்குகிறீர்களே என்று கடிந்துகொண்டார்கள். வேட்டையிலும் போரிலும் பெயர்பெற்ற மக்கள், பகைவரைக் கொன்று உண்ணும் சடங்குகூட உள்ள மக்கள், வீட்டில் வளர்த்த கோழியை உண்ண மறுத்தார்கள். இதை முரண்பாடு என்று ஒதுக்கினால் நாம் கற்க வேண்டியது நம் கையைவிட்டுப் போய்விடும்.

ஏன் இப்படி?

மானிடவியலாளர்கள் பல விளக்கங்கள் தந்திருக்கிறார்கள். பிரேசில்–பெரு எல்லையருகே வாழும் மாட்டிஸ் மக்களிடையே ஆய்வுசெய்த பிலிப் எரிக்சன், 1980களில் ஒரு கருத்தை முன்வைத்தார். விலங்குக்கும் மனிதரைப் போலவே உயிரும் எண்ணமும் உண்டு என்று நம்புகிறவருக்கு அதைக் கொல்வது எளிய செயலாக இருக்க முடியாது. கொன்றதற்கு ஈடாக ஏதோ ஒன்றைத் திருப்பித் தரவேண்டியிருக்கிறது. தாய் போனாலும் பிள்ளையைப் பேணிக் காக்கிறோம் என்பது அந்த ஈடு. வேட்டையும் வளர்ப்பும் இவ்வாறு ஒன்றையொன்று நேர்செய்கின்றன என்பது அவர் கருத்தின் சாரம்.

இன்னொரு பிரெஞ்சு அறிஞர் பிலிப் டெஸ்கோலா, 1970களின் பிற்பகுதியில் எக்வடோர் நாட்டில் ஆச்சுவார் மக்களோடு வாழ்ந்தவர். அங்கே வேட்டை விலங்குகளை ஆண்கள் மைத்துனர் முறையில் வைத்து எண்ணுகிறார்கள் என்று அவர் காட்டினார். மைத்துனரோடு உறவும் உண்டு, உரசலும் உண்டு. கொடுக்கல் வாங்கல், ஏமாற்று, சமாதானம் எல்லாம் உண்டு. பெண்களோ தோட்டத்தில் வளரும் மரவள்ளிச் செடியைத் தங்கள் பிள்ளைகளாகப் பேணுகிறார்கள். வேட்டையிலிருந்து வரும் குட்டி இந்த இரண்டாவது வட்டத்துக்குள் நுழைகிறது. காட்டில் மைத்துனராக இருந்தது வீட்டில் பிள்ளையாகிவிடுகிறது.

பழக்கத்தின் பயன்களையும் சிலர் சுட்டுவார்கள். டிரம்பெட்டர் என்ற, கோழியளவு உயரமான காட்டுப் பறவை வீட்டைச் சுற்றி வந்து, பாம்பையோ அந்நியரையோ கண்டால் உரத்துக் குரல்கொடுத்துக் காவல் காக்கும். குரங்கோடு வளரும் சிறுவன் அதன் குரல்களையும் குணங்களையும் நாள்முழுதும் கூடவே இருந்து கற்றுக்கொள்கிறான். பின்னாளில் அவன் வேட்டைக்குப் போகும்போது அந்த அறிவு உதவாமல் போகாது. அவா வேடர்கள் குரங்கின் குரலை அப்படியே எழுப்பக்கூடியவர்கள். ஆனாலும் பயனை மட்டும் கணக்கிட்டால் இந்தப் பழக்கம் கட்டுப்படியாகாது. ஒரு பெண்ணின் தாய்ப்பாலையும் நேரத்தையும் மாதக்கணக்கில் பெற்று வளரும் குரங்கு இறைச்சியும் தராது, வேலையும் செய்யாது.

எரிக்சனின் விளக்கம் எனக்கு மிகவும் ஒழுங்காகப் படுகிறது. அவ்வளவு ஒழுங்கு மனித வாழ்வில் இருக்குமா என்ற ஐயமும் கூடவே எழுகிறது. அனாதையாகக் கீச்சிடும் ஒரு குட்டியைக் கையில் எடுத்தவுடன் மனம் இளகுவது உலகெங்கும் மனிதருக்குப் பொது. அந்த இளகலுக்கு ஒரு சமூகம் இடம்கொடுத்து, உறவுப்பெயர் சூட்டி, மீறக்கூடாத விதிகளை வகுக்கிறது என்பதே எனக்குக் கூடுதலாக ஏற்புடைய விளக்கம்.

பழக்குதல் வேறு, வீட்டு விலங்காக்குதல் வேறு

புதிதாக இந்தத் துறையைப் படிக்கிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அதனால் சற்று நின்று பார்ப்போம்.

ஒரு காட்டு விலங்கை மனிதரோடு அஞ்சாமல் இருக்கச் செய்வது பழக்குதல். அது ஒரு விலங்கின் ஒரு வாழ்நாளில் நடப்பது. அது இறந்தால் அதோடு முடிந்துவிடும். வீட்டு விலங்காக்குதல் என்பது ஒரு பரம்பரைக்கே நடப்பது. மனிதரின் பிடியில் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து, எதை வளர்ப்பது எதை விடுவது என்று மனிதர் தெரிந்தோ தெரியாமலோ பொறுக்கி எடுத்து, கடைசியில் உடலும் குணமும் மரபணுவும் காட்டு உறவினரிடமிருந்து மாறிவிட வேண்டும். 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமீத்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரி ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரிடம் மிகுந்த சாதுவாக இருந்த நரிகளை மட்டும் இணைசேர்த்துக்கொண்டே வந்தார்கள். சில பத்தாண்டுகளில் வாலாட்டிக்கொண்டு மனிதரிடம் ஓடிவரும் நரிகள் பிறந்தன.

யானையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் யானையோடு வாழ்கிறோம். கோயிலில் நிற்கிறது, முகாமில் வேலை செய்கிறது, கும்கியாகக் காட்டு யானையை விரட்டுகிறது. ஆனாலும் யானை வீட்டு விலங்கு ஆகவில்லை. ஏனென்றால் பெரும்பாலும் காட்டிலிருந்து பிடித்துத்தான் பழக்கினோம். நம் பிடியில் தலைமுறைகளை உண்டாக்கவில்லை. தெப்பக்காடு முகாமில் நிற்கும் கும்கியும் அவா பெண்ணின் தலைமேல் அமர்ந்த குரங்கும் இந்த வகையில் ஒன்றே: பழகிய காட்டு விலங்குகள்.

ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1865இலேயே ஒரு கருத்தைச் சொன்னார்: உலகெங்கும் வேட்டைச் சமூகங்கள் ஆசைக்காகக் குட்டிகளை வளர்த்தன, அப்படி வளர்த்தவற்றுள் எவை மனிதரோடு எளிதில் ஒட்டி, எளிதில் ஈன்று, பராமரிக்க எளிதாக இருந்தனவோ அவை மட்டும் வீட்டு விலங்குகளாக நிலைத்தன. அதாவது ஆடு மாடு வளர்ப்பின் வேர் பொருளாசையில் இல்லை, குட்டியைக் கொஞ்சும் மனதில் இருக்கிறது. அழகான கருத்து. ஆனால் அதற்கு அமேசான் ஒரு பெரிய கேள்வியை வைக்கிறது. அங்கே இத்தனை நூற்றாண்டுகளாக இத்தனை விலங்குகளை வளர்த்தும் ஏன் பெக்கரியோ டாபிரோ வீட்டு விலங்காகவில்லை?

டாபிருக்கு எளிய பதில் உண்டு. சினைக்காலம் ஓராண்டுக்கும் மேல். ஈனுவது ஒரே கன்று. கழுத்தில் வெள்ளைப் பட்டையுள்ள பெக்கரியோ மனிதர் பிடியில் நன்றாகவே இனப்பெருக்கம் செய்யக்கூடியது. எனவே உயிரியல் மட்டும் பதிலாகாது. டெஸ்கோலா இதே கேள்வியை எழுப்பி, பதிலை அந்த மக்களின் எண்ணத்தில் தேடினார். காட்டு விலங்குகளுக்கு ஏற்கனவே உரிமையாளர்கள் உண்டு, காட்டில் வாழும் தெய்வங்கள் அவற்றை மேய்க்கின்றன என்பது ஆச்சுவார் மக்களின் நம்பிக்கை. வேடர் அந்த மந்தையிலிருந்து கேட்டு வாங்குகிறவர் மட்டுமே. மந்தையையே தனதாக்கிக்கொள்ளும் எண்ணம் அந்த உறவில் இடம்பெறவில்லை. வீட்டுக்கு வந்த குட்டியோ பிள்ளை ஆகிவிட்டது. பிள்ளையை ஈனவைத்து, அதன் குட்டிகளை வெட்டித் தின்ன யாருக்கும் மனம் வராது. மந்தை வளர்ப்புக்குத் தேவையான வழி இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. வேட்டையில் போதிய இறைச்சி கிடைத்ததால் அந்த வழியைத் திறக்க வேண்டிய நெருக்கடியும் வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கண்டத்துக்கு வந்து காட்டு விலங்காகவே திரிந்த நாய் அது. பழங்குடி மக்கள் வளையிலிருந்து குட்டிகளை எடுத்துவந்து வளர்த்தார்கள். பெண்கள் சில நேரம் பால் கொடுத்தார்கள். குளிர் இரவுகளில் அணைத்துக்கொண்டு தூங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் வளர்ந்த டிங்கோ இணைதேடிக் காட்டுக்குத் திரும்பிவிடும். அவர்கள் மறுபடியும் வேறு குட்டிகளை எடுத்துவருவார்கள். எத்தனை நூற்றாண்டு ஆனாலும் ஒவ்வொரு குட்டியும் புதிதாகக் காட்டிலிருந்தே வந்தது. அன்புக்குக் குறைவில்லை, ஆனால் பரம்பரை உருவாகவில்லை.

நாயின் கதையில் மட்டும் ஏதோ ஒரு கட்டத்தில் பரம்பரை உருவானது, அதுவும் வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே, வேட்டையாடிய மக்களிடையே. ஜெர்மனியின் பான் நகரருகே ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் ஒரு கல்குவாரியில் ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழைமையான புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், நாய்களைத் தாக்கும் தொற்றுநோயான டிஸ்டெம்பர் கடுமையாகப் பீடித்த நிலையில் அது வாரக்கணக்கில் உயிர்வாழ்ந்திருக்கிறது என்று கண்டார்கள். யாரோ துடைத்து, தண்ணீர் கொடுத்து, சூடாக வைத்துப் பேணியிராவிட்டால் அது சாத்தியமில்லை. எந்த வேலைக்கும் பயன்படாத, நோயுற்ற குட்டி அது. வேடர்களின் வீட்டு விலங்கைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று என்பதால் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாமே பிள்ளையாகிவிடுவதில்லை

வேடர் வீட்டில் வளரும் காட்டு விலங்கு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. வேட்டைக்காகவே வளர்க்கப்படுபவையும் உண்டு. மங்கோலியாவின் மேற்கே பாயன்-உல்கி பகுதியில் கசாக் வேடர்கள் பொன்னிறக் கழுகைக் கூட்டிலிருந்து எடுத்தோ வலையில் பிடித்தோ பழக்கி, நரி வேட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். பெண் கழுகே பெரியது என்பதால் அதையே விரும்புவார்கள். சில ஆண்டுகள் கூட வேட்டையாடியபின், இனப்பெருக்கம் செய்யட்டும் என்று அதை மலையில் விட்டுவிடுவது அவர்கள் மரபு.

நம் பழைய வேட்டுவர் வீட்டில் இருந்தது வேறொரு வகை. பார்வை மான், அதாவது காட்டு மானை ஈர்க்கப் பழக்கி வைத்த மான். புறநானூற்றின் 320ஆம் பாட்டில் அப்படி ஒரு பெண்மான் முற்றத்தில் நிற்கிறது. வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். காட்டிலிருந்து தனியே வந்த ஆண்மான் அந்தப் பெண்மானோடு கூடி விளையாடுகிறது. அதைப் பார்த்த மனைவி, கணவன் விழித்துவிடுவானோ, ஆண்மான் பிரிந்து ஓடிவிடுமோ என்று அஞ்சி, ஓசையே எழாமல் அசையாது இருக்கிறாள். வேட்டைக்கு வைத்த பொறி வேலை செய்துவிட்டது. ஆனால் அந்தப் பொறியின் பயனை எடுக்க அவளுக்கு மனமில்லை. அவா பெண்ணின் மடிக்கும் இந்த முற்றத்துக்கும் இடையே கடல்களும் நூற்றாண்டுகளும் இருக்கின்றன. வேட்டையாடும் குடும்பத்துக்குள்ளேயே விலங்கின்மீது இரண்டு பார்வைகள் வாழமுடியும் என்பதை அந்தப் புலவர் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்! கவுதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டுக் கவுதாரிகளை அழைத்துப் பிடிக்கும் முறை நம் பக்கத்தில் அண்மைக்காலம்வரை தொடர்ந்திருக்கிறது.

வடக்கு ஜப்பானின் ஐனு மக்களிடம் வளர்ப்பும் கொலையும் ஒரே சடங்கில் சேர்ந்தன. குளிர்காலத்தின் முடிவில் குகையிலிருக்கும் தாய்க்கரடியை வேட்டையாடி, குட்டியை எடுத்துவருவார்கள். வீட்டுக்குள் பிள்ளைபோல் வளரும். பெண்கள் பால் கொடுத்ததும் உண்டு. பெரிதானதும் மரக்கூண்டுக்கு மாறும். ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் இயோமாந்தே என்னும் பெரும் விழாவில் அதைக் கொன்று, உண்டு, அதன் உயிரைப் பரிசுகளோடு தெய்வ உலகுக்கு வழியனுப்புவார்கள். கரடியின் உடலணிந்து மனிதரைப் பார்க்க வந்த தெய்வத்தை நன்றாக உபசரித்து அனுப்பினால் அது மீண்டும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹொக்கைடோ நிர்வாகம் 1955இல் இந்தச் சடங்கைக் கொடுமை என்று தடுத்தது. 2007இல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. வளர்த்ததை உண்ணாத அவா மக்களையும் வளர்த்ததையே உண்டு வழியனுப்பும் ஐனு மக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேடர்கள் விலங்கைப் பற்றி இப்படித்தான் நினைப்பார்கள் என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

வளர்ந்தபின் என்ன ஆகிறது?

அழகான படங்களில் குட்டிகள் மட்டுமே இருக்கும். வளர்ந்த குரங்கு வேறு உயிர். அது கடிக்கும், உணவைப் பறிக்கும், கூரையைப் பிய்க்கும், சிறு பிள்ளைகளைத் தாக்கும். அப்போது கயிற்றில் கட்டிவைக்கிறார்கள். சில காட்டுக்கே போய்விடுகின்றன. அப்படிப் போனவை, கூட்டத்தில் வளராததால், அங்கே பிழைப்பது கடினம். பல குட்டிகள் வளரும் முன்பே நோயில் இறக்கின்றன. மனிதருக்கு உதட்டில் கொப்புளம் வரவழைக்கும் சாதாரண ஹெர்பிஸ் கிருமி மார்மோசெட் என்ற சிறு குரங்கைக் கொன்றுவிடக்கூடியது. பிரேசிலில் ஷிங்கு ஆற்றின் மேல்பகுதிக் குடியிருப்புகளில் ஹார்ப்பி கழுகைப் பெரிய மரக்கூண்டில் வைத்திருப்பது இறகுக்காக. அம்புக்கும் தலையணிக்கும் அந்த இறகு வேண்டும். அந்தக் கழுகுக்கு அது நல்ல வாழ்வு என்று யாராலும் சொல்ல முடியாது. இவற்றை மறைத்துவிட்டு இந்த மக்களைப் போற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஆனால் ஒரு வேறுபாட்டை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்துக் காட்டு விலங்கை வாங்கும் நகரத்து ஆசையை இந்தப் பழக்கத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. அவா வேடர் தாயை உணவுக்காகக் கொல்கிறார். குட்டி தற்செயலாக மிஞ்சுகிறது. செல்லப்பிராணிச் சந்தைக்காக வேட்டையாடுகிறவர் குட்டிக்காகவே தாயைக் கொல்கிறார். தாயின் உடல் காட்டில் அழுகக் கிடக்கும். முன்னதில் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது ஒரு சிற்றூரின் பசி. பின்னதில் தீர்மானிப்பது எல்லையில்லாத சந்தை. பிடிபடும் குட்டிகளில் பல வழியிலேயே இறந்துபோவதால், விற்பனைக்கு வரும் ஒன்றுக்குப் பின்னால் நாம் பார்க்காத சாவுகள் இருக்கின்றன. குரங்கையும் தேவாங்கையும் மடியில் வைத்துக் கொஞ்சும் காணொளிகளுக்கு விருப்பக்குறி இடும்போது அந்தச் சந்தைக்குத்தான் தீனி போடுகிறோம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பிடித்து வளர்ப்பது குற்றம். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதும் இதில் அடங்கும். தலைமுறைகளாகக் கிளி வளர்த்த பல குடும்பங்களுக்கு இது இன்னும் தெரியாது. தாயில்லாத மான்குட்டியோ குரங்குக் குட்டியோ கண்ணில் பட்டால், உடனே தூக்கிவராமல் வனத்துறைக்குத் தகவல் சொல்வதே சரி. மான்கள் குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு மேயப் போவது இயல்பு. அனாதை என்று நாம் நினைக்கும் குட்டியின் தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.

அவா மக்களின் குரங்குகளுக்கு இன்று பெரிய ஆபத்து அவர்களுடைய அம்பில் இல்லை. 1985இல் திறக்கப்பட்ட கராஜாஸ் இரும்புத்தாது ரயில்பாதை, சுரங்கத்திலிருந்து சாவ் லூயிஸ் துறைமுகம்வரை ஏறக்குறைய 890 கிலோமீட்டர், அவர்களுடைய காட்டை ஊடறுத்துச் செல்கிறது. பாதையைத் தொடர்ந்து மரவெட்டிகளும் பண்ணைக்காரர்களும் வந்தார்கள். அவா நிலம் 2005இல் சட்டப்படி அவர்களுக்கு உறுதிசெய்யப்பட்டும், அத்துமீறியவர்களை வெளியேற்றும் பணி 2014இல்தான் தொடங்கியது. அதே வட்டாரத்தில் வாழும் காபோர் கபுச்சின் குரங்கை அறிவியல் தனி இனமாக அறிந்ததே 1992இல்தான். இன்று அது உலகில் மிக அருகிவிட்ட குரங்குகளுள் ஒன்று. காடு வெட்டப்படும் இடத்தில் வேடருக்கு இரையும் இல்லை, அவர் மனைவிக்கு வளர்க்கக் குட்டியும் இல்லை.